சம்பளத்துக்குக் குறியீடு, நெல்லுக்குக் கும்பிடு

(வட்டாட்சியர் அலுவலக வாசலில் நெல் விலைக் கோரிக்கைக்காக நடந்த தர்ணாவில் சங்கச் செயலாளர் பேசியது. கிளைக் கூட்டங்களில் படித்துக் காட்டுவதற்காக அச்சிடப்படுகிறது.)

களை எடுக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! பாதுகாப்பு என்ற பெயரில் நம்மோடு சேர்ந்து வெயிலில் காயும் காவல்துறை நண்பர்களே!

மேடை போட அனுமதி கிடைக்கவில்லை. டிராக்டர் டிப்பரே மேடை. அதுவும் பொருத்தம்தான். நெல் ஏற்றுகிற டிப்பரில் நின்று நெல் விலையைப் பற்றித்தானே பேசப் போகிறோம்.

நாம் கேட்பது ரொம்பப் பெரிய விஷயம் இல்லைங்க. நெல்லுக்கு விலை எப்படி ஏற வேண்டும் என்று சட்டத்தில் ஒரு விதி எழுதுங்கள் என்கிறோம். இப்போது விதி கிடையாது. வருஷா வருஷம் கோடையில் டெல்லியில் இருந்து ஒரு அறிவிப்பு வரும். 2025-26-க்கு சாதா ரகத்துக்கு 69 ரூபாய் ஏற்றி குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் என்றார்கள். ஏன் 69, ஏன் 169 இல்லை என்று கேட்க நமக்கு இடமில்லை. கொடுத்ததைக் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதை மனுவாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கிப் படித்த அதிகாரி நல்ல மனுஷர்தான், டீ கூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார்: "விலைவாசி ஏறினா தானா ஏர்ற மாதிரி வருமானம் கேக்கறீங்களே, அப்படி யாருக்காவது சட்டம் இருக்குதுங்களா?"

இருக்குதுங்க அய்யா. பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு இருக்குது. அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் இன்றைக்கு இந்த டிப்பரில் ஏறினோம். அதுக்கு முன்னாடி 2017-ஆம் வருஷத்துக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடலாம்.

ஞாபகம் இருக்கிறதா 2017? மழை பொய்த்து, சம்பா கருகிக் கிடந்தது. ஜனவரி 10-ஆம் தேதி தமிழ்நாட்டின் 32 மாவட்டமும் வறட்சி மாவட்டம் என்று அரசாங்கம் அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். சரி, ஏதோ வருகிறதே என்று சிட்டா, அடங்கல் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலில் நின்றோம்.

நாம் அங்கே நின்றபோது நம்முடைய மக்கள் பிரதிநிதிகள் எங்கே இருந்தார்கள்? பிப்ரவரியில் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கூவத்தூரில் கடலோர விடுதியில் இருந்தார்கள். பத்து நாள். 18-ஆம் தேதி அங்கிருந்து நேராகச் சட்டமன்றத்துக்கு வந்து நம்பிக்கை ஓட்டெடுப்பில் 122 பேர் கை தூக்கினார்கள். வறட்சியில் மாடு செத்துக்கொண்டிருந்த மாநிலத்தில் எம்.எல்.ஏ.க்களுக்கு மட்டும் நல்ல தண்ணி வசதியான இடம் கிடைத்தது பற்றி நமக்கு சந்தோஷம்தான்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. அதே 2017-இல் குஜராத்தில் வெள்ளம். அங்கத்திய காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் நாற்பது சொச்சம் பேர் பெங்களூருக்குப் பக்கத்தில் விடுதியில். 2022-இல் மகாராஷ்டிரத்து சிவசேனைக்காரர்கள் சூரத் போய், அங்கிருந்து கவுகாத்தி போனார்கள். அப்போது அசாமில் வெள்ளம். ஒரு தடவை சொந்த ஊரில் வெள்ளம், இன்னொரு தடவை போன ஊரில் வெள்ளம். நட்சத்திர ஓட்டல் மாடிக்கு மட்டும் தண்ணி ஏறவே இல்லை.

பத்திரிகையில் இதுக்கு குதிரை பேரம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். நம்ம பக்கம் குதிரை ஏது? நமக்குத் தெரிந்தது மாட்டுச் சந்தைதான். துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவோம். மாட்டுக்கு ஒன்றும் தெரியாது, பாவம், வைக்கோலைத் தின்றுகொண்டு நிற்கும். அரசியல் சந்தையில் என்ன வித்தியாசம் என்றால், துண்டுக்குள்ளே கையை விடுவதே மாடுதான்.

மிகைப்படுத்திப் பேசுகிறோம் என்று நினைத்தால் உச்சநீதிமன்றத்தின் தீர்ப்பையே சொல்கிறோம். 1993 ஜூலையில் நரசிம்மராவ் அரசாங்கத்தின் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. 265-க்கு 251 என்று அரசாங்கம் தப்பியது. பணம் கொடுத்துத்தான் தப்பியது என்று வழக்கு. 1998-இல் தீர்ப்பு வந்தது. பணம் வாங்கிக்கொண்டு சபையில் ஓட்டுப் போட்டவர்கள் மேல் வழக்குப் போட முடியாது, அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது என்றார்கள். பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்டு, ஓட்டுப் போடாமல் இருந்தவருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது! அதாவது அட்வான்ஸ் வாங்கினால் சரக்கை ஏற்றிவிட வேண்டும். ஏற்றாதவன்தான் குற்றவாளி. இந்தத் தீர்ப்பைத் தப்பு என்று ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து மாற்றியது 2024 மார்ச் மாதம். நடுவே 26 வருஷம். நம்ம வரப்புத் தகராறு கேஸ்கூட அதுக்குள்ளே முடிந்துவிடும். சில கேஸ் முடியாது, அது வேறு.

சரி, 2017-க்கு வருவோம். மார்ச் 14-ஆம் தேதி நம்ம விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் போய் உட்கார்ந்தார்கள். மண்டை ஓட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எலியை வாயில் கடித்துக்கொண்டு 41 நாள் இருந்தார்கள். ஏப்ரல் 22-ஆம் தேதி சிறுநீர் குடிக்கிற போராட்டம். அன்றைக்கு டெல்லியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதுக்கு முதல் நாள் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? வைகை அணையில் தெர்மாகோல் விட்டார்கள்.

சிரிக்காதீங்க. கூட்டுறவுத் துறை அமைச்சர், மாவட்ட ஆட்சியர், பொறியாளர்கள் எல்லோரும் படகில் போய், தெர்மாகோல் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி, தண்ணீர் ஆவியாகாமல் இருக்க மிதக்கவிட்டார்கள். பத்து லட்ச ரூபாய்த் திட்டம் என்று பத்திரிகைகள் எழுதின. அமைச்சர் கரைக்கு வந்து சேர்வதற்குள் தெர்மாகோலும் கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது. காற்று அடித்தது, அவ்வளவுதான்.

நியாயமாகப் பேசவேண்டும். ஆவியாவதைத் தடுக்கவேண்டும் என்ற யோசனை பைத்தியக்காரத்தனம் இல்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நீர்த்தேக்கத்தில் 2015-இல் கோடிக்கணக்கில் கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டார்கள். ஆனால் நெல் தூற்றிய அனுபவம் உள்ள நம்ம அம்மாக்கள் யாரையாவது கூப்பிட்டு, "ஏம்மா, இந்த அட்டை காத்துல நிக்குமா?" என்று கேட்டிருந்தால் பத்து லட்சமும் மிச்சம், மானமும் மிச்சம்.

இதைப் போய்ப் பெரிய விரயம் என்று சொல்ல மாட்டோம். விரயத்தில் இது சில்லறை. மொத்த வியாபாரம் பார்க்க வேண்டுமானால் சென்னை ஓமந்தூரார் தோட்டம் போகணும். புதிய சட்டமன்ற வளாகத்தை 2010 மார்ச்சில் பிரதமரைக் கூப்பிட்டுத் திறந்தார்கள். மேலே குவிமாடம் கட்டி முடியவில்லை. திறப்பு விழாத் தேதி நெருங்கிவிட்டது. என்ன செய்வது? சினிமா கலை இயக்குநரை வைத்து செட் போட்டார்கள். சட்டம் இயற்றுகிற கட்டடத்துக்குத் தலைப்பாகை அட்டையில்! அடுத்த வருஷம் ஆட்சி மாறியது. வந்தவர்கள் அங்கே உட்கார மாட்டோம் என்று கோட்டைக்குத் திரும்பிப் போனார்கள். 2014-இல் அது ஆஸ்பத்திரி ஆனது. கட்டியதில் முறைகேடு என்று 2011-இல் ஒரு விசாரணைக் கமிஷன், அது 2018 வரை இழுத்தது. கமிஷனுக்குத் தனியாகச் செலவு. ஆஸ்பத்திரி ஏழை ஜனங்களுக்குப் பயன்படுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வேண்டும் என்றால் முதலிலேயே ஆஸ்பத்திரியாகக் கட்டியிருக்கலாமே. மாட்டுக் கொட்டகை கட்டுவதுபோல் கட்டி, பிறகு அதில் குடியிருப்பவன் உண்டா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்தாச்சு. 2017 ஜூலை 16. டெல்லியில் நம்ம விவசாயிகள் மறுபடி போய் உட்கார்ந்தார்கள். மூன்றே நாள். ஜூலை 19-ஆம் தேதி சென்னையில் அறிவிப்பு வந்தது. நமக்கு வந்ததா? இல்லை. எம்.எல்.ஏ. சம்பளம் மாதம் 55,000-இலிருந்து 1,05,000 ரூபாய் ஆனது. ஒரு மாத உயர்வு மட்டும் 50,000 ரூபாய். வறட்சி நிவாரணக் கணக்கில் அது ஒன்பது ஏக்கருக்கான தொகை.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். 234 பேருக்கு ஆளுக்கு 50,000 என்றால் வருஷத்துக்கு 14 கோடி ரூபாய். தமிழ்நாடு அரசாங்கத்துக்கு இது காசே இல்லை. மக்கள் பிரதிநிதிக்கு நல்ல சம்பளம் கொடுக்கக்கூடாது என்றும் நம் சங்கம் சொல்லவில்லை. சம்பளம் போதாவிட்டால் வேறு இடத்தில் கை நீளும். நமக்கு ஆத்திரம் அந்த 14 கோடியில் இல்லை. அந்த வேகத்தில். 41 நாளில் நகராத வண்டி மூன்று நாளில் எப்படி நகர்ந்தது?

அந்த வருஷம் நெல்லுக்கு எவ்வளவு ஏறியது தெரியுமா? 1,470-இலிருந்து 1,550. எண்பது ரூபாய். எம்.எல்.ஏ. சம்பளம் ஏறிய அதே வீதத்தில் நெல்லும் ஏறியிருந்தால் 2017-இலேயே குவிண்டால் 2,806 ரூபாய் ஆகியிருக்கும். எட்டு வருஷம் கழித்து, 2025 செப்டம்பரில், மாநில அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாயையும் சேர்த்து நமக்கு வந்தது 2,500.

டெல்லிக்காரர்கள் இதைவிடக் கெட்டிக்காரர்கள். எம்.எல்.ஏ. சம்பளத்தை ஏற்றினால் நாலு பேர் திட்டுகிறார்கள், பத்திரிகையில் எழுதுகிறார்கள். திட்டே வாங்காமல் ஏற்றிக்கொள்ள என்ன வழி? 2018-இல் வழி கண்டுபிடித்தார்கள்.

2018 மார்ச் மாதத்தை நாம் மறக்க முடியாது. காவிரி வழக்கில் பிப்ரவரியில் தீர்ப்பு வந்து, மேலாண்மை வாரியம் அமைக்கச் சொல்லி நம்ம ஊர் எம்.பி.க்கள் சபையில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆந்திராக்காரர்கள் அவர்கள் கோரிக்கைக்குக் கோஷம். சபை நடத்த முடியவில்லை, கூச்சல், ஒத்திவைப்பு. காவிரியைப் பற்றிப் பேச நேரம் இல்லை. ஆனால் அந்தக் கூச்சலுக்கு நடுவிலேயே அரை மணி நேரத்தில் நாட்டின் பட்ஜெட் நிறைவேறிவிட்டது! 99 மானியக் கோரிக்கை. விவசாயம், ரயில்வே, பள்ளிக்கூடம், ராணுவம், எதையும் விவாதிக்கவில்லை. ஆம் என்போர் ஆம் என்க, முடிந்தது. இதுக்குப் பாராளுமன்றத்தில் கில்லட்டின் என்று பேர். தலை வெட்டுகிற எந்திரத்தின் பேர். யார் தலை என்று சொல்லவேண்டியதில்லை. 2023 மார்ச்சிலும் இதே எந்திரம் ஓடியது.

நம்ம ஊர்க் கோயில் திருவிழாக் கணக்கைப் பாருங்கள். பந்தலுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, வாழைமரம் ஏன் நாலு வாங்கினீங்க, இரண்டு போதாதா என்று ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சண்டை போடுவோம். நாட்டுக் கணக்குக்கு அரை மணி.

அந்த அரை மணியில் நிறைவேறிய நிதி மசோதாவுக்குள்ளே இரண்டு சாமான் இருந்தது. ஒன்று, எம்.பி. சம்பளம் 50,000-இலிருந்து ஒரு லட்சம். அதோடு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வருமான வரித்துறையின் விலைவாசிக் குறியீட்டை வைத்துத் தானாகவே ஏறும் என்ற விதி. இனிமேல் யாரும் கேட்க வேண்டாம், யாரும் திட்ட வேண்டாம். அப்படியே ஏறியது. 2025 மார்ச்சில் ஒரு அறிவிக்கை வந்தது: சம்பளம் 1,24,000 ரூபாய். எப்போதிலிருந்து? 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து. இரண்டு வருஷத்து அரியரோடு. கரும்பு வெட்டிக் கொடுத்தால் 14 நாளில் பணம் கொடுக்கவேண்டும், தவறினால் வட்டி என்று 1966-ஆம் வருஷத்து ஆணையில் இருக்கிறது. கரும்பு போட்டவர்கள் கையைத் தூக்குங்கள், எத்தனை பேருக்கு 14 நாளில் வந்தது? வட்டி எத்தனை பேருக்கு வந்தது? ஒரு கையையும் காணோம்.

இரண்டாவது சாமான் இன்னும் ருசியானது. வெளிநாட்டுக் கம்பெனியிடம் கட்சிகள் நன்கொடை வாங்கக்கூடாது என்று 1976-இல் ஒரு சட்டம். வேதாந்தா குழுமக் கம்பெனிகளிடம் வாங்கி அந்தச் சட்டத்தை காங்கிரஸ், பா.ஜ.க. இரண்டும் மீறின என்று 2014-இல் டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேதாந்தா யார் என்றால் நம்ம தூத்துக்குடி ஸ்டெர்லைட் குழுமம்தான். தீர்ப்புக்குப் பிறகு என்ன செய்தார்கள்? 2016-இல் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டுக் கம்பெனி என்பதற்கான அர்த்தத்தையே மாற்றி, அந்தத் திருத்தம் 2010-இலிருந்து செல்லும் என்றார்கள். ஏணி எட்டவில்லை, நன்கொடை அதுக்கு முந்தினது. 2018-இல் இன்னொரு ஏணி கட்டினார்கள். திருத்தம் 1976-இலிருந்தே செல்லும்! 42 வருஷம் பின்தேதி. எல்லாவற்றிலும் அடித்துக்கொள்கிற இரண்டு கட்சியும் இதில் மட்டும் ஒரே பாயில் படுத்துக்கொண்டன.

நமக்கு? 2016-இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி. 31-3-2016 அன்று நிலுவையில் இருந்த கடன் மட்டும்தான், சிறு குறு விவசாயிக்கு மட்டும்தான். 2021-இல் மறுபடி தள்ளுபடி. ஜனவரி 31 நிலுவை மட்டும். தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி, "வாய்தா தவறக்கூடாது" என்று வீட்டுக்காரம்மா தோட்டை அடகு வைத்துக் கட்டியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். போய்க் கேட்டால், "தேதி தாண்டியாச்சே, நாங்க என்ன பண்ண முடியும்" என்பார்கள். நமக்கு ஒரு வாரத்தைப் பின்னுக்குத் தள்ள முடியாது. அவர்களுக்கு 42 வருஷம் தள்ளலாம்.

இப்போது நம்ம இளைஞர் ஒருத்தர் கேள்வி கேட்டார், நேர்மையான கேள்வி. "எம்.பி. சம்பளம் ஐந்து வருஷத்தில் 24 சதவீதம் ஏறியது. நெல் 2018-19-இல் 1,750, 2023-24-இல் 2,183. அதுவும் கிட்டத்தட்ட அதே சதவீதம்தானே, அப்புறம் என்ன குறை?" தம்பி கணக்குச் சரி. நாங்களும் போட்டுப் பார்த்தோம். ஆனால் அவர்கள் முதலில் அடியை இரட்டிப்பாக்கிக்கொண்டு, அதுக்கு மேலே குறியீட்டைக் கட்டினார்கள். நம்ம அடி இன்னும் சரியாகவே வைக்கப்படவில்லை. சுவாமிநாதன் ஆணையம் 2006-இல் செலவுக்கு மேல் 50 சதவீதம் சேர்த்துக் கொடு என்றது. கொடுத்துவிட்டோம் என்கிறார்கள். எந்தச் செலவு? விதை, உரம், கூலி, வீட்டு ஆள் உழைப்பு. அது குவிண்டாலுக்கு 1,579, அதில் ஒன்றரைப் பங்கு 2,369. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பு, போட்ட சொந்த முதலுக்கு வட்டி இரண்டையும் விட்டுவிட்டார்கள். நிலத்துக்கு வாடகை எவ்வளவு பெரிய செலவு என்று குத்தகை நெல் அளப்பவருக்குத் தெரியும்.

அதோடு, அவர்கள் சம்பளம் சட்டம். நம்ம விலை வெறும் அறிவிப்பு. அந்த விலைக்குக் கீழே வியாபாரி வாங்கினால் எந்தப் போலீஸும் பிடிக்காது. கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17-க்கு மேல் என்று நிறுத்துவார்கள். சாக்கு இல்லை, லாரி வரவில்லை, மூட்டைக்கு இவ்வளவு கொடு. 2025 அக்டோபரில் குறுவை நெல் நிலையத்து வாசலிலேயே நனைந்து முளைத்தது. ஈரப்பதத்தை 22 ஆக்கச் சொல்லிக் கேட்டதும், மத்தியக் குழு வந்து நெல்லைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனது. எந்த எம்.பி.க்காவது சம்பளம் கொடுக்கும்போது ஈரப்பதம் பார்த்திருக்கிறார்களா? "அய்யா, இந்தக் கூட்டத்தொடரில் நீங்க 17 சதவீதத்துக்கு மேல் தூங்கிட்டீங்க, கழிச்சுக்கிட்டோம்" என்று யாராவது சொன்னதுண்டா?

சட்டம் போடுவது கஷ்டம், நேரம் எடுக்கும் என்று மட்டும் நம்மிடம் சொல்ல வேண்டாம். 2020 செப்டம்பர் 20-ஆம் தேதி மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களை ஓட்டு எண்ணச் சொல்லிக் கேட்டும் எண்ணாமல், குரல் ஓட்டில் நிறைவேற்றினார்கள். மறுநாள் 8 எம்.பி.க்கள் சஸ்பெண்ட். டெல்லி எல்லையில் ஒரு வருஷத்துக்கு மேல் விவசாயிகள் பனியிலும் வெயிலிலும் கிடந்தபிறகு, 2021 நவம்பர் 29-ஆம் தேதி அதே சட்டங்களை ஒரே நாளில் இரண்டு சபையிலும் விவாதமே இல்லாமல் வாபஸ் வாங்கினார்கள். எண்ணாமல் வந்தது, பேசாமல் போனது. மனசு வைத்தால் ஒரு நாள் போதும் என்று அவர்களே நமக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே மனுவைத் திருத்தி எழுதியிருக்கிறோம். எம்.பி. சம்பளத்துக்கு என்ன வாசகம் எழுதினார்களோ அதே வாசகத்தை நெல்லுக்கும் எழுதுங்கள், சொந்த நில வாடகையையும் வட்டியையும் சேர்த்து அடியை முதலில் வையுங்கள், அதுக்குக் கீழே வாங்கினால் குற்றம் என்று சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறோம். அவர்கள் சட்டத்து வாசகத்தையும் மனுவோடு நகல் எடுத்து இணைத்திருக்கிறோம். இல்லாத சட்டம் கேட்கிறோம் என்று இனி யாரும் சிரிக்க முடியாது.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் இதை நேரில் கொடுக்கிறோம். ஒவ்வொரு கிளையிலிருந்தும் குறைந்தது இருபது பேர் வரணும். கொள்முதல் நிலைய ரசீது, சிட்டா அடங்கல் நகல், கூட்டுறவுக் கடன் பாஸ்புத்தகம் கையில் இருக்கட்டும். கடைசித் தேதி தாண்டித் தள்ளுபடி கிடைக்காதவர்கள் ரசீதைத் தனியாகக் கொண்டுவாருங்கள், அதுக்குத் தனி மனு. வேன் வாடகை ஆளுக்குப் பங்கு. மதியச் சாப்பாடு அவரவர் வீட்டுப் புளிசாதம். கோரிக்கைத் தட்டிகளைப் பழைய உரச்சாக்கில் எழுதுங்கள், இல்லாவிட்டால் அட்டையில் எழுதுங்கள். தெர்மாகோலில் மட்டும் எழுதிவிடாதீர்கள், ஆட்சியர் அலுவலக வாசலில் நல்ல காற்று.